மல்லூர் சாலையில் பதினொரு தூளிகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நம்பிக்கை இல்லாதவர்கள் நேரில் வந்தால் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன். கற்பூரத்தை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர்க் கடையில் இருப்பது நமத்துப்போய்விட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து நான்காம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓடிய ஒரு கரி பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை இருக்கும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, பக்கத்தில் இருக்கும் காற்றாடியைக் கையால் அரைமணி நேரம் சுற்றினால் புகை கிளம்பும். அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். ஓடும் என்பது பேச்சுக்குச் சொல்வது. மல்லூரில் இறங்கி மோர் குடித்து, மோர்க்காரியிடம் ஊர் நியாயம் பேசி முடித்து, நடந்து வந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மறுபடியும் டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று குழம்பியும் நின்றிருக்கிறேன்.

டிரைவர் பெயர் சவரிராயன். சேலம் டவுன்காரர், வேதக்காரர். மேடு வந்தால் ஒரு மாதாவையும் மூன்று புனிதர்களையும் கூப்பிடுவார். பள்ளத்தில் தாமே பார்த்துக்கொள்வார். அவருடைய மனைவி ஜெபமலர் டவுனுக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் வேலை செய்தாள். மில்லை ஒட்டி இருபது வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் குடியிருந்தார்கள். காலை ஆறு மணிச் சங்கு ஊதிவிட்டால் அந்த இருபது வீட்டிலும் சேர்த்து, இருக்கிறேன் என்று சொல்ல ஒரு பூனைதான் இருக்கும். மற்ற எல்லாரும் மில்லுக்குள்.

அவர்களுக்கு ரோசி என்று எட்டு மாதக் குழந்தை. அங்கேதான் சிக்கல்.

மில்லில் ஒரு சட்டம் உண்டு. தொண்ணூறு நாள் ஒருநாள் விடாமல் வந்தால் பேரை நிரந்தரப் பேரேட்டில் எழுதுவார்கள். நடுவில் ஒருநாள் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஜெபமலர் முதல் தடவை நாற்பத்தோராம் நாள் வரை வந்தாள்; ரோசிக்கு மாந்தம் கண்டது. இரண்டாம் தடவை அறுபத்து மூன்று வரை எட்டினாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் தன் தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். மூன்றாம் தடவை சேர்க்கும்போது மேஸ்திரி சொல்லிவிட்டார்: “இந்தவாட்டி உட்டீன்னா அப்புறம் இந்தப் பக்கமே வராத.”

ஜெபமலருக்கு அந்த வேலை மேல் ஆசை. வீட்டில் யார் இழுத்தாலும் சிக்கலாகிற நூல், அங்கே தன் கையில் சிட்டம் சிட்டமாக அடங்கி நிற்கிறது என்பாள். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார அவளுக்கு மனமில்லை.

ஒருநாள் காலை சவரிராயன் தோளில் ரோசியோடு ஷெட்டுக்கு வந்தார்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“புள்ள.”

“அது தெரியுதுங்க. பஸ்ஸுக்கு எதுக்குங்க?”

“அவ மில்லுக்குப் போயிட்டா. நான் வண்டி ஓட்டணும். புள்ளய யாருகிட்ட வுட்டுட்டு வர்றது, அந்தப் பூனைகிட்டயா?”

பஸ்ஸின் கூரைக்கு உள்பக்கம் ஓர் இரும்புக் கம்பி நீளவாக்கில் ஓடும், நிற்பவர்கள் பிடித்துக்கொள்ள. அதில் ஜெபமலரின் பழைய புடவையால் தூளி கட்டி ரோசியைப் படுக்க வைத்தார். வண்டி கிளம்பியது. கொண்டலாம்பட்டி வருவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. நாமக்கல் வரை தூங்கியது. திரும்பும்போது நான் பாலாடையில் கேழ்வரகுப் பால் புகட்டினேன். குடித்துவிட்டுச் சேலம் வரை தூங்கியது. பன்னிரண்டு மணிச் சங்குக்கு பஸ் மில் வாசலில் நின்றது. ஜெபமலர் ஓடிவந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பன்னிரண்டரைச் சங்குக்கு உள்ளே போனாள். மத்தியானம் மறுபடி ஒரு நடை.

அந்த ரோட்டின் குண்டு குழியை எத்தனையோ பேர் திட்டிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவும் குழந்தைகளுக்காகவே வெட்டி வைத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பையனைக் கொண்டுவந்து நீட்டினாள். “ஒண்ணுக்கு ரெண்டா தொங்கிட்டுப் போகட்டும், தம்பி.” அதற்கு மறுநாள் மூன்று. வாரம் முடிவதற்குள் பதினொரு தூளிகள். பன்னிரண்டாவதுக்குக் கம்பியில் இடமில்லை. அந்த அம்மாள் என்னை ஒருமாதம் திட்டினாள்.

பயணிகள் சும்மா இருந்தார்களா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் முனகினார்கள். தூளிக்கு நேர் கீழே உட்கார்ந்தவர்கள் மேல் அவ்வப்போது மழை பெய்ததுதான் காரணம். மூன்றாம் நாள் குடை கொண்டுவந்தார்கள். வெயில் கொளுத்துகிற மாசி மாதத்தில், பஸ்ஸுக்குள்ளே, பதினைந்து பேர் குடை விரித்து உட்கார்ந்திருப்பதை ஒரு போலீஸ்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வீட்டுக்குப் போய் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

இதில் ஆதாயம் அடைந்த ஒரே ஆள் சென்னிமலை. பரமத்தி வேலூர் வெற்றிலை வியாபாரி. நாமக்கல்லில் ஏறி, கூடை கூடையாகச் சேலத்துக்குக் கொண்டுபோவார். வெற்றிலை வாடாமல் இருக்க வழிநெடுக அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே வர வேண்டும். கூடைகளைத் தூளிகளுக்குக் கீழே வரிசையாக வைத்த நாளிலிருந்து அந்த வேலை பாதி குறைந்துவிட்டது. சேலத்தில் அந்த வெற்றிலைக்குத் தனி மவுசு கிளம்பியது. காரம் அடங்கி ஒரு தினுசாக இருக்கிறது என்றார்கள். நான் அன்றோடு வெற்றிலை போடுவதை விட்டேன்.

ஒரே ஒரு கஷ்டம். வண்டி நின்றால் பதினொன்றும் ஒரே மூச்சில் விழித்துக்கொள்ளும். ஒன்று அழுதால் பிள்ளை அழுகிறது என்று சொல்லலாம். பதினொன்று அழுதால் அதற்கு நம் பாஷையில் சொல் கிடையாது. அதனால் யாராவது இறங்க வேண்டும் என்றால், முதலில் நாலு பேர் குதித்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நின்று பஸ்ஸை ஆட்டுவார்கள். ஆட்டம் பிடிபட்டதும் நான் விசில் கொடுப்பேன். இறங்குகிறவர் இறங்குவார். நாமக்கல்லில் அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்ததால் அங்கே முறைவைத்து ஆட்டினார்கள். தாலுகா ஆபீசுக்கு வந்தவர்கள்கூட, கூப்பிடும்வரை சும்மா நிற்பானேன் என்று வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நாற்பதாம் நாள் முதலாளி அப்புசாமி வண்டியில் ஏறினார். நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர். நூறு ஏக்கர் பூமியையும் ஒரு பஸ்ஸையும் வைத்துக்கொண்டு, பூமியை மறந்து பஸ்ஸையே நினைத்துக்கொண்டிருந்தவர். இடுப்பில் ஒரு கடிகாரம், சங்கிலியோடு. கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏன்றா சுப்பையா, இதெல்லாம் ஆளா, சரக்கா?”

“தெரியலீங்க மொதலாளி.”

“ஆளுன்னா உக்காரோணும், இல்லாட்டி நிக்கோணும். சரக்குன்னா கூரை மேல போகோணும். இது ரெண்டுமில்லாம இருக்குதே?”

“தொங்குதுங்க.”

“தொங்கறதுக்கு லைசென்சுல எங்கடா எடம்?”

சென்னிமலை குடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். “ஏனுங்க, கூரை மேல போட்டா காக்கா தூக்கிட்டுப் போயிருமுங்க. அப்புறம் காக்காய்க்கு யாரு டிக்கெட் போடறது?”

முதலாளி அவரை முறைத்தார். அந்த நேரம் பார்த்து அவர் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது. ரோசிதான் என்று நினைக்கிறேன். அவர் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு, அசையாமல் ஒரு மைல் யோசித்தார். பிறகு சவரிராயனிடம் போய்ச் சொன்னார்:

“கேட்டுக்கோ சவரி. பன்னெண்டு மணிக்கு வண்டி சேலத்துல நிக்கோணும். என்னைக்கு ஒருநிமிசம் தாண்டுதோ, அன்னைக்கே அத்தனை தூளியையும் அவுத்து வீசிப்புடுவேன். புள்ளய ஆட்டறதுக்கு நான் பஸ் வாங்கல.”

“சரிங்க மொதலாளி,” என்றார் சவரிராயன். அன்றைக்கு மேடு இல்லாத இடத்திலும் ஒரு புனிதரைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கடிகாரத்துக்குப் பயந்து ஓட்டினோம். ஐம்பது, அறுபது என்று ஜெபமலரின் கணக்கு ஏறியது. அறுபத்து மூன்றைத் தாண்டிய அன்று அவள் எனக்கு ஒரு தூக்குப் போசி நிறையக் களி கொடுத்தாள். எழுபது, எண்பது, எண்பத்தொன்பது.

தொண்ணூறாம் நாள் காலையில் பிள்ளையைத் தூளியில் போடும்போது, “தம்பி, இன்னிக்கு மட்டும் லேட்டாக்கிடாதீங்க. நேரத்துக்கு வண்டி வரலைன்னா என்னால உள்ள நிக்க முடியாது. தேடிட்டு ரோட்டுல ஓடிருவேன். ஓடினா இத்தனை நாளும் போச்சு,” என்றாள்.

“மல்லூர் மலை குறுக்கே வந்தாலும் தாண்டிட்டு வாரோம் அக்கா, நீங்க போங்க,” என்றேன்.

மலை வரவில்லை. சென்னிமலைதான் வந்தார். அன்று அவருக்கு ஒரு கூடை அதிகம். தூளிகளுக்குக் கீழே இடமில்லை. பின்னால் எங்கள் கரி மூட்டைகள் இரண்டு இருந்தன. ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கூடையை அவற்றின் மேல் ஏற்றி வைத்தார். அது போதாதென்று, தூளிக்கு வெளியே இருக்கிற கூடையாயிற்றே வாடிவிடுமே என்ற கவலையில் வழிநெடுகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். மல்லூர் தாண்டினதும் உருளையில் கரி தீர்ந்தது. நான் இறங்கிப்போய் மூட்டையைக் கொட்டினேன். தீ ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

சவரிராயன் ஒரு மாதாவையும் மூன்று புனிதர்களையும் கூப்பிட்டார். பிறகு, அதுவரை சிரமம் கொடுக்காத இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டார். கரியை அள்ளிப் பிழிந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. நேரம் பத்தே முக்கால். சேலம் ஒன்பது மைல். பயணிகள் வழக்கம்போல இறங்கி இரண்டு பக்கமும் நின்று ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் தூங்கின. ஆனால் ஆட்டினால் வண்டி பக்கவாட்டில்தான் போகும். சேலம் முன்னால் இருந்தது.

“யோவ் வெத்தல,” என்றார் சவரிராயன், “என் பொண்டாட்டி வேலைல தண்ணிய ஊத்திட்டியேய்யா.”

சென்னிமலை கரியைப் பார்த்தார். பிறகு திடீரென்று ரோட்டோரத்து ஏரிப் பக்கம் கையை நீட்டினார். “அங்க பாருங்க. எங்க மச்சான் ஆளுங்க ரேக்ளாப் பந்தயம் உட்டுட்டு இருக்கறாங்க. இருங்க, வாரேன்,” என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

ரேக்ளா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வண்டியில் ஒரு சோடிக் காளையைப் பூட்டி, குறிப்பிட்ட தூரம் ஓடவிடுவார்கள். எல்லையில் ஒருவன் கொடி பிடித்து நிற்பான். கொடி அசைந்தால் காளை பறக்கும். கொடியைத் தாண்டியதும் நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு அடி வைக்காது. வேலை முடிந்தது என்று அதற்குத் தெரியும்.

சென்னிமலை ஆறு சோடியோடு வந்தார். கூடவே மீசைகளும் வந்தன. பெரிய மீசைக்காரர் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, “பச்சப் புள்ளைகளா? எத்தினி?” என்றார்.

“பதினொண்ணுங்க.”

“அடச் சாமி! பூட்டுங்கடா,” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பன்னிரண்டு காளைகளையும் வடக்கயிற்றால் பஸ்ஸின் முன்பக்கத்தில் பூட்டினோம். அப்போதுதான் தெரிந்தது: கொடி இல்லாமல் அவை கிளம்பாது. ஒருவரின் குடைக் கம்பில் என் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பர்லாங் முன்னால் ஓடிப்போய் நின்று ஆட்டினேன். பஸ் பறந்து வந்தது. கரியில் ஒருநாளும் பார்க்காத வேகம். சவரிராயன் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார்; யாரை விலகச் சொன்னார் என்று தெரியாது. என்னைத் தாண்டியதும் பன்னிரண்டும் சொல்லிவைத்தாற்போல நின்றன. நின்று, திரும்பி, பரிசு எங்கே என்பதுபோல் என்னைப் பார்த்தன.

மறுபடி ஓடினேன். மறுபடி கொடி. மறுபடி பறந்து வந்து நின்றன. ஒன்பது மைலுக்கு எழுபத்திரண்டு பர்லாங். இரண்டிரண்டாக முப்பத்தாறு பந்தயம். முப்பத்தாறுக்கும் முன்னால் ஓடிப்போய்க் கொடி பிடித்தது நான். காளைகளைவிட நான் வேகமாக ஓடியிருக்க வேண்டும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஓடியிருக்கிறேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பயணிகள் குதித்து ஆட்டினார்கள். ஓடும்போது பன்னிரண்டு கழுத்துச் சலங்கையும், நிற்கும்போது இவர்கள் ஆட்டமுமாக, ஒரு பிள்ளைகூடக் கண் திறக்கவில்லை. கொண்டலாம்பட்டியில் அந்தப் போலீஸ்காரர் நின்றிருந்தார். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மில் வாசலுக்குப் போனபோது அங்கே முதலாளி அப்புசாமி கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எந்த நேரத்துக்கு வருகிறோம் என்று பார்க்கவே வந்திருக்கிறார். காளைகளைப் பார்த்தார். பின்னால் பஸ்ஸைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார்.

“பதினொண்ணே முக்காலா?”

“ஆமாங்க மொதலாளி.”

“கரி போட்டதுக்கு அப்பறம் இந்த வண்டி ஒருநாளும் முன்னால வந்ததில்லியேடா.”

நான் குடைக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றேன். பேச மூச்சில்லை.

பயணிகள் வண்டியை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. பதினொரு குழந்தைகளும் விழித்துக்கொண்டன. வாசல் திறந்ததும் ஜெபமலர்தான் முதலில் ஓடிவந்தாள். காளைகளைப் பார்த்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

“ஏங்க, பஸ்ஸு எங்க?”

“இதான் பஸ்ஸு,” என்றார் சவரிராயன்.

“புள்ள?”

“இப்பத்தான் முழிச்சுது. நான்தான் இன்னும் முழிக்கல.”

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு, மில் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். ரோசி குடிக்கிற நேரமெல்லாம் காளைகளின் சலங்கையையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றப் பத்துப் பேரும் அவரவர் பிள்ளையோடு அங்கேயே உட்கார்ந்தார்கள். மீசைக்காரர்கள் காளைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். சென்னிமலை யாரும் கேட்காமலே ஆளுக்கு ஒரு கவுளி வெற்றிலை கொடுத்தார். நான் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டரைச் சங்கு ஊதுவதற்கு முன்பே ஜெபமலர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் மேஸ்திரி பேரேட்டைத் திறந்து, அவள் பேரை நிரந்தரத்தில் எழுதினார். எழுதும்போது, “இந்தவாட்டி புள்ளய யாரு பார்த்துக்கிட்டா?” என்று கேட்டாராம். “ஊரே பார்த்துக்கிச்சுங்க,” என்றாளாம் அவள்.

முதலாளி அன்று தூளிகளை அவிழ்க்கச் சொல்லவில்லை. வெகுநேரம் காளைகளையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் என்னைத் தனியே கூப்பிட்டு, ரொம்பவும் யோசித்தவராகச் சொன்னார்:

“தூளி இருக்கட்டும்டா சுப்பையா. எஞ்சினத்தான் அவுத்துப் போட்டுரலாமான்னு பாக்கறேன்.”

யுத்தம் முடிந்து பெட்ரோல் வரும் வரைக்கும் அந்தப் பதினொரு தூளிகளும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஜெபமலர் அந்த மில்லில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாலை போட்டு அனுப்பிய பிறகுதான் வெளியே வந்தாள்.

இதையும் சத்தியமாகச் சொல்கிறேன்: எனக்கு இந்த வயது வரைக்கும் பஸ்ஸில் ஏறிப் பழக்கமே இல்லை. அந்தப் புகை வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது.